வலப்பக்கம் வந்து நின்ற வீதி

நாச்சாயியை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் கூட்டி வந்த அன்றைக்கு, ஓடத்துப்பாளையம் சந்தைப்பேட்டை வீதியின் இடது வரிசை மொத்தமும் எழுந்து, ஓடையைத் தாண்டுகிறவன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிற மாதிரி அஸ்திவாரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தார் ரோட்டைக் கடந்து வலது பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. மாவு மில் முதலில் கிளம்பியது, பெல்ட் சுற்றிக்கொண்டிருக்கும்போதே. அதன் பின்னால் சலூன், பாதி முகம் நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்த தபால்காரரையும் சேர்த்துக்கொண்டு. அதற்குப் பின்னால் காப்பிக்கொட்டை அரைக்கும் கடை, வாசனை மட்டும் கொஞ்சம் பிந்தி. அப்புறம் சில வீடுகள், கொடியில் காய்ந்த துணியோடு. கடைசியில் நாச்சாயியின் வீட்டுக்காரர் வையாபுரியின் வாடகைப் பாத்திரக் கடை, அண்டாவும் தேக்சாவும் ஜல்லிக் கரண்டியும் ஒன்றன் மேல் ஒன்று சரிந்து, கல்யாணத்தில் கடைசிப் பந்தி முடிந்த மாதிரி ஒரு சத்தம் போட்டபடி. வலது வரிசைக்காரர்கள் ஏன் என்று கேட்கவில்லை. பஸ்ஸில் பிள்ளைத்தாச்சி ஏறினால் தள்ளி உட்காருகிற மாதிரி, சுவரோடு சுவரை இடுக்கிக்கொண்டு இடம் விட்டார்கள்.

ஆட்டோவுக்குள் நாச்சாயிக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்த வையாபுரிக்கு எல்லாம் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்தது பாதிதான்.

"ஏனுங்க, டீக்கடைக்கும் தையல் கடைக்கும் நடுவுல நம்ம கடை எப்ப வந்துச்சு?"

"கொஞ்ச நாளாச்சு" என்றார் வையாபுரி. உண்மையைச் சொல்லி மாட்டிக்கொள்கிற பழக்கம் அந்த மனுஷருக்குக் கிடையாது.

அவளுக்கு அடி பட்டது வலது பக்கத் தலையில். வாழைத்தார் லாரியின் பின்பக்கத் தடுப்புப் பலகை கொக்கி கழன்று விழுந்ததில் மண்டை ஓடு பிழைத்தது, உள்ளே இருந்தது கலங்கிவிட்டது. கண் இரண்டிலும் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொன்னார். கண் அனுப்புகிற படத்தை வாங்கி வைக்கிற இடம் மூளையில் இருக்கிறது, வலது பக்கத்து மூளை வாங்கி வைப்பது இடது பக்கத்து உலகத்தை, அந்த இடம்தான் நசுங்கிப்போனது, அதனால் இந்த அம்மாவுக்கு இனிமேல் இடது பாதி கிடையாது என்று, தராசைப் பார்த்து எடை சொல்கிற குரலில் சொன்னார். இருட்டாகத் தெரிந்தாலாவது இருட்டு என்று தெரியும். அவளுக்கு இருட்டும் இல்லை. முதுகுக்குப் பின்னால் இருப்பது நமக்கு இருட்டாக இல்லாமல் வெறுமனே இல்லாமல் இருக்கிறதே, அப்படி. அதனால் போனது போனதென்றே அவளுக்குத் தெரியாது. தட்டில் வலது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு, "இவ்வளவுதான் போடுவீங்களா? ஆஸ்பத்திரிக்குள்ள பஞ்சமா?" என்று சண்டைக்குப் போவாள். ஆயா தட்டைத் திருப்பி வைத்தால், "பாத்தியா, சத்தம் போட்டாத்தான் வருது" என்பாள்.

அது சிரிப்பதற்கு. சிரிக்க முடியாதது இன்னொன்று. நினைவு திரும்பிய சாயங்காலம் வையாபுரி அவளுக்கு இடது பக்கம் ஸ்டூலைப் போட்டு, அவள் இடது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் நர்ஸைக் கூப்பிட்டு, "ஏங்கண்ணு, என்ற வீட்டுக்காரரு இன்னும் வரலியா? அடி பட்ட சேதி சொல்லலியா அவருக்கு?" என்று கேட்டாள். வையாபுரி கையை விட்டார். எழுந்து, கட்டிலின் கால்மாட்டைச் சுற்றி, வலது பக்கம் வந்து நின்றார். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று அவள் ஒரு பாட்டம் ஏசினாள். அன்றிலிருந்து அவர் அவளுக்கு இடது பக்கம் நின்றதே இல்லை. தூங்கும்போதுகூட.

வீதி நகர்ந்ததற்குக் காரணம் என்னவென்று யாரும் உட்கார்ந்து ஆராயவில்லை. ஆட்டோ முனை திரும்பியபோது இடது வரிசையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில், பாவம், அவளுக்குத் தெரியற பக்கமா இருந்துட்டுப் போவோம் என்று நினைத்தார்கள், நினைத்ததுதான் தாமதம். நாச்சாயியின் வசவு விழாத காது அந்த ஊரில் ஒன்றுகூட இல்லை, ஆனால் அவள் போட்ட சண்டையில் லாபம் பார்க்காத வீடும் இல்லை. தண்ணீர் லாரியை நிறுத்தியது அவள். ரேஷன் கடைக்காரனுக்குத் தராசு பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அவள். தலையில் வாழைத்தார் சுமந்தவள், வியாபாரிகளோடு மல்லுக்கு நின்று நின்று, வாழை மண்டியில் ஏலம் கூறுகிற ஒரே பொம்பளை ஆனவள். அவளுக்காக ஒரு ரோட்டைத் தாண்டினால் கால் தேய்ந்தா போகும்?

சிக்கல் என்னவென்றால், போகும்போது இடது பக்கம் இருப்பது வரும்போது வலது பக்கம் ஆகிவிடும். வீதி முடிகிற இடத்தில் நேரெதிராக நிற்கிற அவள் வீட்டிலிருந்து காப்பித்தூள் வாங்கக் கிளம்பினால் ஒரு வரிசை தாண்டும். வாங்கிக்கொண்டு திரும்பினால் இரண்டும் சேர்ந்து எதிர்ப்பக்கம் தாண்டும். முதல் வாரம் பால் பொங்கியது, விளக்கு சாய்ந்தது, சலூனில் ஒருத்தர் மீசையில் பாதி போனது. பிறகு பழகிவிட்டார்கள். அவள் வீட்டுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்குவார்கள், கத்தியை உயர்த்துவார்கள், குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார்கள், வீடு போய் உட்கார்ந்ததும் விட்ட வேலையைத் தொடர்வார்கள். கரண்டு ஆபீஸ்காரர் வந்து ஒயரைக் கொஞ்சம் தொளதொளவென்று விட்டுக் கட்டிக்கொடுத்தார். பேரூராட்சி ஓவர்சியர் ரோட்டை ஆக்கிரமித்ததாக அபராதம் போட டேப்போடு வந்தார்; அவர் அளந்து முடிப்பதற்குள் நாச்சாயி வெற்றிலை வாங்கத் திரும்ப, அளந்த வீடு அவர் கையிலிருந்த டேப்பை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டது. டேப்பைச் சுருட்டிக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். பிள்ளையார் மட்டும் நகரவே இல்லை என்று பூசாரி சாதித்தார். சிதறுகாய் உடைக்கிற கல் இடம் மாறிக் கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள், பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் எதிரெதிர் வீட்டில் இருந்த ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வந்து சேர்ந்து, வேறு வழியில்லாமல் கறிவேப்பிலை கேட்டுப் பேசிக்கொண்டார்கள்.

வரிசை எழுந்துபோன இடத்தில் சாக்கடையும் எலி வளையும் பழைய செருப்பும் கிடந்தன. அதற்கு அந்தப் பக்கம், கட்டடங்கள் எழும்பிய நாளிலிருந்து வீதிக்காரர்கள் வீதியிலிருந்து பார்த்திராத காவேரி ஓடிக்கொண்டிருந்தது. நாச்சாயி மட்டும் அதைப் பார்க்கவில்லை.

"எல்லாம் கச்சிதமா கைக்கெட்டற மாதிரி இருக்குது" என்பாள். "எனக்கென்ன கோளாறு? அந்த டாக்டருக்குத்தான் கோளாறு."

"ஆமாம்" என்பார் வையாபுரி, அவளுக்கு வலது பக்கத்திலிருந்து. சத்தியமாகச் சொன்னால், அவருக்கு அது பிடித்திருந்தது. ஒரு வீதியே சேர்ந்து மூடி மறைத்தால் போனது போகாத மாதிரிதானே?

ஏல மண்டித் தலைவர் செங்கோடன் ஒரு நாள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல மனுஷர், அதனால் விஷயத்துக்கு வர நேரமானது.

"அக்கா, நீ படுத்ததுலருந்து என்ற மச்சினன்தான் மைக்க வெச்சுக் கூறிட்டு இருக்கறான். ஆயுத பூஜை ஏலம் பெரிய ஏலம். நீ வந்து கூறினா களம் உன்னுது. முடியலைன்னா அவனையே நிரந்தரமா போட்டுறலாம்னு சங்கத்துல பேசறாங்க."

"உன்ற மச்சினன் கூறறது ஏலமா? ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்லற மாதிரியல்ல இருக்குது. வர்றேன்னு சொல்லு."

"ஒடம்பு…"

"செங்கோடா, நான் வர்றேன்."

அந்த ஏலம் போனால் நாச்சாயியிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று வையாபுரிக்குத் தெரியும். பாத்திரக் கடையில் கரண்டி எண்ணி வைக்கிற பொம்பளையாக அவளை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அந்த வாரம்தான் ஜெசிந்தா வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய பெண். தலையில் அடிபட்டவர்களுக்கு மறுபடி பார்க்கப் பழக்குவதுதான் அவள் வேலை. தோளில் ஒரு பை, அதற்குள் சிவப்பு டேப், மணி கோத்த கயிறு, படம் வரைந்த அட்டைகள். வந்தவள் நாச்சாயிக்கு இடது பக்கம் போய் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "வணக்கம்மா" என்றாள்.

"யாரது? உள்ள வா கண்ணு, ஏன் வெளியவே நிக்கற?" என்றாள் நாச்சாயி, வாசலைப் பார்த்து.

வையாபுரி பதறிப்போய், "இந்தப் பக்கம் வாங்கம்மிணி" என்று சைகை காட்டினார். ஜெசிந்தா அசையவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, உங்களுக்குத் தெரிந்த ஒரு வாழைத்தாரை வரையுங்கள் என்றாள். நாச்சாயி வரைந்தாள், தண்டுக்கு வலது பக்கம் சீப்பு சீப்பாக, காய் காயாக, நுனியில் பூ வரைக்கும் பிசகாமல். இடது பக்கம் மொட்டை.

"முழுத் தாருங்களா?"

"பின்ன? பூவன். நல்ல தாரு."

ஜெசிந்தா தாளின் இடது ஓரத்தில் சிவப்பு டேப்பை ஒட்டினாள். "இந்தச் செவப்பு கண்ணுல படற வரைக்கும் தலையத் திருப்புங்கம்மா. கண்ணு மட்டும் போனாப் பத்தாது, கழுத்தும் போகணும். டேபிள் ஃபேன் திரும்புதில்ல, அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வருதில்ல, அப்படி."

நாச்சாயி திருப்பினாள், நிறுத்தினாள், இன்னும் என்றதும் திட்டிக்கொண்டே திருப்பினாள். சிவப்பு வந்தது. பிறகு தான் வரைந்த தாரை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இத யாரு பாதி தின்னது?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

போகும்போது ஜெசிந்தா வீதியில் நின்று, நெருக்கியடித்துக்கொண்டிருந்த வலது வரிசையைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. "போன வருஷம் ஒரு பேஷண்ட் வீட்டுல கெணறு இப்படித்தான் வலது பக்கம் வந்துருச்சு" என்றாள். "எல்லாருக்கும் ஒண்ணு சொல்லறேன், கோவிச்சுக்காதீங்க. அவங்களுக்கு வேணுங்கிறதெல்லாம் வலது பக்கமே கெடச்சா அவங்க எதுக்குக் கழுத்தத் திருப்பணும்? இடது பக்கத்துல நின்னு கூப்பிடுங்க. சோத்த இடது பக்கம் வைங்க. சண்டைகூட இடது பக்கத்துலருந்து போடுங்க."

மாவு மில் நல்லுசாமிக்குக் கோபம் வந்தது. "நாங்க என்ன வேணும்னா நகர்றோம்? மில்லு நகருது."

"மில்லுக்கு யாருங்க சொன்னது?"

வையாபுரி தன் கடைக்குள் போய், ஏற்கெனவே துடைத்த அண்டாவைத் துடைத்தார். ஊரே சேர்ந்து செய்கிற நல்ல காரியத்தை நேற்று வந்த பெண் கெட்ட காரியம் என்கிறாள். அவருக்கு அவளைப் பிடிக்கவில்லை.

ஒரு சாதாரண நாள் ஏலத்துக்கு நாச்சாயி யாரிடமும் சொல்லாமல் மண்டிக்குப் போனாள். வையாபுரி பின்னாலேயே ஓடினார்.

ஓடத்துப்பாளையம் ஏலத்தில் யாரும் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. தார்களை நடுவில் நிறுத்தி வியாபாரிகள் சுற்றி வட்டமாக நிற்பார்கள். ஒருத்தர் மூக்கைத் தடவுவார், ஒருத்தர் துண்டை மாற்றிப் போடுவார், ஒருத்தர் புருவத்தைத் தூக்குவார், அந்த அசைவுதான் விலையை ஏற்றிக் கேட்கிற கேள்வி. வேடிக்கை பார்க்க வந்தவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அசைந்தால் அவன் தலையிலும் தார் விழும். அதைவிட முக்கியம், நிற்கிற இடம். அது அப்பன் பாட்டன் வழியில் வருவது. வீடு நகரும், அந்த இடம் நகராது.

அதனால் இடது பக்கத்து வியாபாரிகள் இடது பக்கமே நின்றார்கள். வெள்ளையம்மா என்கிற குத்தகைக்காரியின் ரஸ்தாளித் தார்கள் நடுவில் நின்றன. நாச்சாயி குரலெடுத்தாள். மண்டியே நிமிர்ந்தது, மைக் இல்லாத குரல், ஆற்றுக்கு அக்கரையில் கேட்கிற குரல். வலது பக்கம் துண்டு மாறியது, மூக்கு தடவப்பட்டது, விலை ஏறியது, நின்றது. இடது பக்கத்தில் தாண்டவன் காது மடலை இழுத்தான். மறுபடி இழுத்தான். நாச்சாயியின் தலை அந்தப் பக்கம் வரவே இல்லை. ஒரு தரம், ரெண்டு தரம். தாண்டவன் வாயைத் திறந்தான். பக்கத்திலிருந்தவர் அவன் தோளைத் தொட்டு, வேண்டாம் விடு என்று தலையசைத்தார். தாண்டவன் கையை இறக்கிக்கொண்டான். மூணு தரம். ரஸ்தாளி அடிமாட்டு விலைக்குப் போனது.

முகத்தில் சந்தோஷத்தோடு நாச்சாயி திரும்பினாள். வெள்ளையம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"என்னடி மூஞ்சி இப்படிப் போகுது? வெல கொறைவா?"

"பரவால்லக்கா" என்றாள் வெள்ளையம்மா. "உனக்காகத்தான, போனாப் போகுது."

நாச்சாயி அப்படியே நின்றுவிட்டாள். "எனக்காகவா?"

வெள்ளையம்மாவின் கண் இடது பக்கம் போய் வந்தது.

"தாண்டவன் எங்க? தாண்டவா, நீ கேட்டியா?"

"கேட்டன்க்கா" என்று அவளுக்கு இல்லாத பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"எத்தன தடவ?"

"உடுக்கா, போகட்டும்."

"காது மட்டும் இருந்து வாயி இல்லாமப் போச்சா உனக்கு? என்ற மேல எரக்கப்பட்டு அவ பொழப்புல கை வெச்சிருக்கீங்களே, வெக்கமா இல்ல?" அவளால் ஒருத்தர் தாருக்கு விலை குறைந்தது என்ற பேச்சை அந்தக் களம் அதுவரை கேட்டதில்லை. அந்த ஏலம் செல்லாது என்று செங்கோடன் மறுபடி தன் மச்சினனை விட்டுக் கூறச் சொன்னார். தாண்டவன் நியாயமான விலைக்கு எடுத்துக்கொண்டான். மைக்கில் வந்த அந்தக் குரலை நாச்சாயி ஓரமாக நின்று முழுக்கக் கேட்டாள்.

மறுநாள் காலையில் அவள் வீதியின் நடுவில் வந்து, தன் வீட்டைப் பார்க்கத் திரும்பி நின்றாள். வரிசை வழக்கம்போல் வலது பக்கம் தாண்டிப் போய் உட்கார்ந்தது. ஜெசிந்தா பக்கத்தில் இருந்தாள்.

"ஏ மில்லு" என்றாள் நாச்சாயி, விலை பேசுகிற குரலில். "உன்ற எடம் எதுவோ அங்க போ."

மில் போகவில்லை. உள்ளிருந்து நல்லுசாமி எட்டிப் பார்த்தார். "நான் தள்ளித்தான் பாக்கறன்க்கா. அசைய மாட்டேங்குது."

"எல்லாம் ஒரேயடியா வேண்டாம். இன்னைக்கு ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு போ. நாளைக்கு ரெண்டாவது. இதுக்கு மேல இறங்கி வர முடியாது."

"சும்மா சொன்னாப் போகாதுங்கம்மா" என்றாள் ஜெசிந்தா. "அது விட்டுட்டு வந்த எடத்த நீங்க பாக்கணும். நீங்க பாத்துக்குவீங்கன்னு நம்பிக்க வந்தாத்தான் போகும்."

நாச்சாயி கழுத்தைத் திருப்பினாள். தோளுக்கு நேராக மோவாய் வந்தது, ஒன்றுமில்லை. இன்னும் திருப்பினாள், ரோட்டின் ஓரம் வந்தது, சாக்கடை வந்தது, தலை கிறுகிறுத்தது, ஜெசிந்தாவின் அப்பன் ஆத்தா வரைக்கும் திட்டிக்கொண்டே இன்னும் திருப்பினாள். அப்போது வெளிச்சம் வந்தது. தகதகவென்று, அகலமாக, அசைந்துகொண்டு.

"யாரு இங்க தண்ணியக் கொண்டாந்து விட்டது?"

"காவேரிக்கா" என்றார் நல்லுசாமி. "அது எப்பவும் அங்கதான் இருக்குது."

அவள் அதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள். மாவு மில் ஒரு தரம் செருமிக்கொண்டு எழுந்து, அவள் முகத்துக்கு நேராக ரோட்டைத் தாண்டி, தன் பழைய குழியில் போய் உட்கார்ந்து ஆற்றை மறைத்துக்கொண்டது.

"சனியனே, கொஞ்ச நேரம் கழிச்சுப் போயிருக்கலாமில்ல" என்றாள் நாச்சாயி.

அதிலிருந்து தினமும் ஒன்று. தட்டின் இடது ஓரம், வாசல் நிலையின் இடது சட்டம், நாள்காட்டியின் இடது விளிம்பு என்று வீடு முழுக்கச் சிவப்பு டேப். மணிக் கயிற்றின் ஒரு முனையை மூக்கு நுனியில் வைத்துப் பிடித்து ஒவ்வொரு மணியாகப் பார்த்துப் பழகினாள். நாலு நாள் முன்னேறினால் ஒரு நாள் தலைவலியில் சுருண்டு படுப்பாள். அன்றைக்கு முந்தின நாள் போன கடை திரும்பி வந்துவிடும், மறுபடி அதற்கு மெனக்கெட வேண்டும். ஜெசிந்தாவோடு பேரம் பேசாத பயிற்சி இல்லை. வீதியும் கற்றுக்கொண்டது. தபால்காரர் இடது பக்கம் நின்றுதான் பெயரைக் கூப்பிட்டார். ஓரகத்திகள் இரண்டு பேரும் அவளிடம் பொய்ச்சண்டை போடுவதற்கென்றே இடது பக்கமாக வந்தார்கள். போன பாதி திரும்ப வரவில்லை. வராது என்று ஜெசிந்தா முதல் நாளே சொல்லியிருந்தாள். இல்லாத பக்கத்தைத் தேடிப் போய்ப் பார்க்கிற பழக்கம்தான் வந்தது. சலூன் போனது, காப்பிக் கடை போனது, வீடுகள் கொடித்துணியோடு போயின.

பாத்திரக் கடை போகவில்லை.

நாச்சாயி அது இருந்த காலி இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். குண்டும் குழியும் அதற்கப்பால் ஒரு துண்டு ஆறும் நன்றாகவே தெரிந்தன. கடை டீக்கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் வேர் விட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது.

"உங்க கடைக்கு என்னுங்க வந்துச்சு?"

"பாரம் ஜாஸ்தி. அண்டாவெல்லாம் இருக்குதில்ல."

"மில்லவிடப் பாரமா?" கடைக்குள் வந்து அவருக்கு எதிரே ஒரு தேக்சாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரியிலருந்து பாக்கறன், எங்க போனாலும் வலது பக்கமே ஒட்டிட்டு வர்றீங்க. அந்தப் புள்ள சொல்லிச் சொல்லிப் பாத்தும் கேக்கல. நான் பாக்கலைன்னா நீங்க இல்லாமப் போயிருவீங்களா?"

வையாபுரி கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார். "போன மாதிரிதான் இருந்துச்சு" என்றார். "உன்ற கையப் புடிச்சுட்டு ஒக்காந்திருந்தேன். நீ நர்ஸுகிட்ட என்னக் காணோம்னு கேட்ட."

நாச்சாயிக்கு அது தெரியாது. யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. பதிலுக்குத் திட்ட வாயெடுத்தவள், தேக்சாவை அவர் பக்கம் இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தாள்.

"களத்துல டேப்பு ஒட்ட முடியாதுங்க" என்றாள். "ஆளு வரிசை மாறாட்டியும், லாரி நிக்கற தோது பாத்து வட்டம் பெருசு சிறுசாகும். இடது கோடியில செவப்பா ஒண்ணு நின்னாத்தான் நான் எதுவரைக்கும் திரும்பணும்னு எனக்குத் தெரியும். தாண்டவனுக்கும் அந்தப் பக்கம், கடேசி ஆளா. வேற யார நிறுத்தறது?"

"நான் நின்னு, நீ பாக்காமப் போயிட்டா?"

"பாக்காமப் போனா ஏலமும் போச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே நட்டம். அதனால பாப்பேன்."

ஆயுத பூஜை ஏலத்தன்று காலையில், ஆயுசுக்கும் வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு போடாத வையாபுரி, கோயில் திருவிழாவுக்கு மேளக்காரன் போடுகிற மாதிரி ஒரு சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கினார். நாச்சாயி முன்னால் நடந்தாள். அவர் ஒரு கணம் தயங்கி, மூச்சை இழுத்துவிட்டு, அவளைச் சுற்றி இடது பக்கம் போனார். அந்தப் பக்கம் நடப்பது குளத்தில் இறங்குகிற மாதிரி இருந்தது. அவர்கள் தாண்டியதும் பின்னால் பாத்திரக் கடை எழுந்து தன் பழைய இடத்துக்குப் போனது. சத்தத்துக்கு மண்டி வரைக்கும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

களத்தில் லாரி லாரியாகத் தார். பூவன், கற்பூரவள்ளி, ரஸ்தாளி, மொந்தன். செங்கோடனின் மச்சினன் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக ஒரு ஸ்டூலில் காத்திருந்தான். வையாபுரி இடது கோடியில், தாண்டவனுக்கு அப்பால், முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நாச்சாயி கூற ஆரம்பித்தாள். மெதுவாகத்தான். ஒவ்வொரு கேள்விக்கும் வலது கோடியிலிருந்து கழுத்து கிளம்பும், ஒவ்வொரு முகமாக நின்று நின்று வரும், நடுவைத் தாண்டும், தாண்டி இன்னும் போகும், சிவப்பு வரும் வரைக்கும். பிறகு திரும்பிப் போகும். வெளியூர் வியாபாரி ஒருத்தர் வெயிலைப் பார்த்துவிட்டு, "இப்படிப் போனா பூஜை முடிஞ்சுதான் தாரு ஊருக்குப் போய்ச் சேரும்" என்றார்.

"அவசரம்னா வாழக்கன்ன வாங்கி வளத்துக்க" என்றாள் நாச்சாயி, அவர் நின்ற பக்கம் முழுசாகத் திரும்பி. களம் சிரித்தது.

கற்பூரவள்ளியில் ஒரு தடவை தவறினாள். ரெண்டு தரம் சொல்லிவிட்டு நிறுத்தி, ஏதோ மனசில் பட்டு இன்னொரு முறை கழுத்தைக் கொண்டுபோனபோது, தாண்டவன் காதைப் பிடித்தபடி நின்றிருந்தான். பேசவில்லை. இந்த முறை இரக்கத்தால் பேசாமல் இல்லை. அவள் வருவாள் என்று பேசாமல் இருந்தான். விலை மறுபடி ஏறியது. அதன் பிறகு மூணாம் தரத்துக்கு முன்னால் இரண்டு சுற்று பார்ப்பது என்று வைத்துக்கொண்டாள்.

கடைசி லாட் மொந்தன். வெயில் சாய்ந்துவிட்டது, எல்லோருக்கும் கால் கடுத்தது. நாச்சாயியின் கண் வலது கோடியில் கிளம்பி, புருவங்களையும் துண்டுகளையும் காதுகளையும் தாண்டி, இடது கோடிக்கு வந்து, சிவப்பில் முட்டி நின்றது. காலையிலிருந்து அத்தனை தடவை வந்து வந்து போன பார்வை இந்தத் தடவை போகவில்லை. சட்டையிலிருந்து மேலே ஏறி, முகத்துக்கு வந்து, அங்கேயே நின்றது. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்த அந்தச் சாயங்காலம் வர வேண்டிய பார்வை.

வையாபுரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"செவப்புச் சட்டை கேட்டாச்சு" என்றாள் நாச்சாயி. "ஒரு தரம்."

"நாச்சாயி, நான்…"

"ரெண்டு தரம்." கழுத்து ஒரு முழுச் சுற்று போய் வந்தது. ஒருத்தரும் அசையவில்லை, மூக்கில் ஈ உட்கார்ந்தவர்கூட விரட்டவில்லை. "மூணு தரம். மொந்தன் வாடகைப் பாத்திரக் கடை வையாபுரிக்கு."

"அவ்வளவு வாழைக்காய வெச்சுட்டு நான் என்ன பண்ணறது?"

"களத்துல கையத் தூக்கறதுக்கு முன்னால யோசிச்சிருக்கணும்."

செங்கோடன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மச்சினன் பக்கம் திரும்பி, "மைக்க உள்ள கொண்டுபோய் வைப்பா, தூசி படுது" என்றார்.

தார்களை வண்டியில் ஏற்றிவிட்டு ஒன்றை மட்டும் தோளில் வைத்துக்கொண்டு வையாபுரி நடந்தார், அவளுக்கு இடது பக்கமாக. வீதிக்குள் திரும்பினார்கள். இரண்டு பக்கமும் வீடுகள் அந்தந்த இடத்தில் விளக்கேற்றி உட்கார்ந்திருந்தன, ஒன்றும் எழவில்லை. கொஞ்ச தூரம் போனதும் வையாபுரிக்கு மனசு கேட்கவில்லை.

"இங்கதான் வர்றேன்" என்றார்.

"சொல்லாதீங்க" என்றாள் நாச்சாயி. "நானே பாத்துக்கறேன்."

அவர் வாயை மூடிக்கொண்டு, தாரைத் தோள் மாற்றாமல், அவள் கழுத்து திரும்பி வந்து சேரும் வரைக்கும் காத்துக்கொண்டே நடந்தார்.